மாஸ்டர், அந்தத் தேத்தண்ணிக்கடைக்காரருக்கு நட்டம்

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். மேடையில் இருக்கிறவர்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி வணங்கப் போனால் அதிலேயே பாதி நேரம் போய்விடும். எனக்குத் தந்திருப்பது இருபது நிமிடம். மணி அடிக்கிற தம்பி என்னைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் பதினெட்டுத்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

பிந்தி வந்தவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நம்முடைய திருகோணமலைப் பிள்ளைகள் சிலப்பதிகாரத்தை இசைநாடகமாகப் போட்டார்கள். இரண்டரை மணித்தியாலம். வசனம் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணலாம். மிச்சமெல்லாம் பாட்டு. அந்தப் பாட்டிலும் பாதி இளங்கோவடிகளின் வரிகளேதான். கதைச்சுருக்கம் இல்லை, கட்டியக்காரன் வந்து விளக்கம் சொல்லவில்லை. பார்த்த சனம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி ‘அருமை’ என்றது, மறுபாதி ‘அறுவை’ என்றது. உவர்மலையில் ஒரு வீட்டில் புருசனும் பெண்சாதியும் இதனால் மூன்று நாள் கதைக்காமல் இருந்தார்களாம். எந்த வீடு என்று சொல்லமாட்டேன். அவர்கள் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

அந்தச் சண்டையைத்தான் இன்றைக்குத் தலைப்பாக்கியிருக்கிறார்கள். பழைய இலக்கியத்தை மேடையில் பாடவைக்கும்போது நாடகம் சனத்திடம் இறங்கி வரவேண்டுமா, சனம் நாடகத்திடம் ஏறிப் போகவேண்டுமா? நான் ஏறுகிற அணி. முழங்கால் வலிக்காரனைக் கொண்டுவந்து ஏறுகிற அணியில் போட்டது ஏற்பாட்டாளர்களின் குறும்பு.

எதிரணித் தலைவர் எனக்குப் படிப்பித்த மாஸ்டர். அவரை எதிர்த்துப் பேசுவது பாவம். ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்து இந்தப் பாவத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். அன்றைக்கு அவர், கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கிற வழக்குரை காதை எடுத்தார். ‘தேரா மன்னா செப்புவ துடையேன்’ என்று கம்பீரமாகப் படித்துவிட்டு, ‘விளங்கிச்சா?’ என்று கேட்டார். வகுப்பு முழுவதும் ‘ஓம் மாஸ்டர்’ என்றது. நான் ஒருவன்தான் எழும்பி ‘விளங்கேல்ல மாஸ்டர்’ என்றேன். சற்றுமுன் இதே மேடையில், ‘விளங்கவில்லை என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு விளங்கும்படி இறங்கிப் போ’ என்று முழங்கினாரே, அந்த மாஸ்டர் அன்றைக்கு என்ன செய்தார்? காதையை இறக்கினாரா? இல்லை ஐயா. என்னை ஏற்றினார்.

வாங்கில்.

சிரியுங்கள், அன்றைக்கு வகுப்பும் இப்படித்தான் சிரித்தது. ஒரு பாடவேளை முழுக்க வாங்கில் நின்றேன். நிற்க நிற்க வேறு வேலை இல்லாததால் கையிலிருந்த புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம் என்பது கீழே இருந்தபோது ஏறவில்லை. மேலே நின்றபோதுதான் மண்டையில் ஏறியது. மாஸ்டர், உங்களுடைய இன்றைய பேச்சைவிட அன்றைய தண்டனைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம் நமக்கு ஏறுவது என்ன புதிதா? கோணேசர் கோயில் எங்கே இருக்கிறது? பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலா? கோட்டை வாசலால் புகுந்து, மானையெல்லாம் விலத்தி, வெயிலில் மூச்சுவாங்க ஏறிப் போகிறோம். கோணேசரை நகர மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள், எங்களுக்குக் கால் நோகிறது என்று யாரும் மனுப்போட்டதில்லை. மாஸ்டர் தலையை ஆட்டுகிறார், என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். ‘சிவராத்திரி முடியக் கோணேசரே நகர்வலம் வருகிறாரே, அது இறங்குவது இல்லையா?’ வருகிறார்தான். வந்து, வீட்டுவாசலில் நிறைகுடம் வைத்தவர்களுக்கெல்லாம் முகம் காட்டிவிட்டு, திரும்ப மேலே போய்விடுகிறார். அடுத்த நாள் பார்க்கவேண்டும் என்றால் நீங்கள்தான் ஏறவேண்டும். கூப்பிட வருகிறார் ஐயா, குடியிருக்க இல்லை.

மேலே போய் என்ன பாடுகிறோம்? சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம். ‘நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும்’. இந்தச் சபையில் எத்தனை பேருக்கு ‘அலம்பும்’ என்றால் என்னவென்று தெரியும்? நமக்கு அலம்புவது என்றால் கைகால் கழுவுவது. சின்னவயதில் நான், கோணேசர் காலில் சிலம்பு போட்டுக்கொண்டு கால் கழுவுகிறார் என்றுதான் நினைத்துப் பாடினேன். பிறகு ஒருநாள் அது ஒலிப்பது என்று தெரிந்தது. அதுவரைக்கும் பாடாமலா இருந்தோம்? விளக்கவுரை வரட்டும், பிறகு கும்பிடுகிறேன் என்று யாராவது வாசலில் நின்றோமா?

சரி, இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். மாஸ்டர் ஒரு வெடி போட்டார். நாடகத்தன்று இடைவேளையில் எழும்பிப் போன சனத்தைச் சொல்லி, ‘உள்ளே சிலப்பதிகாரம், வெளியே பிளேன்டீயதிகாரம்’ என்றார். நீங்கள் ஒரு நிமிடம் கைதட்டினீர்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதோடு விட்டாரா? ‘இந்த நாடகத்தால் இலாபம் கண்டது முன்னாலிருந்த தேத்தண்ணிக்கடைக்காரர் ஒருவர்தான்’ என்றார். அதையும் மூன்று தரம் சொன்னார். என்னுடைய குறிப்பில் ஏழு பொயின்ட் எழுதிக்கொண்டு வந்தேன் நடுவர் ஐயா. ஆறை மடித்துப் பொக்கற்றில் வைக்கிறேன். இந்த ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் போனால் எனக்கு இரவு நித்திரை வராது.

மாஸ்டர், அந்தத் தேத்தண்ணிக்கடையில் நீங்கள் இருந்தீர்களா? இல்லை. நான் இருந்தேன்.

ஓம், நானும் எழும்பிப் போனவன்தான். கானல்வரி முக்கால் மணித்தியாலம் போனது. கோவலன் ஒரு பாட்டுப் பாடுகிறான், மாதவி ஒரு பாட்டுப் பாடுகிறாள், திரும்ப அவன், திரும்ப அவள். எனக்குச் சீனி வருத்தம், இடையில் எதையாவது வாயில் போடாவிட்டால் தலை சுற்றும். போனேன். கடையில் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். வடை முடிந்துவிட்டது, பணிஸ்தான் இருக்கிறது என்றார் கடைக்காரர். பிளேன்டீ ஒன்று சொல்லிவிட்டு வாங்கில் இருந்தேன். இருந்தேன், நிற்கவில்லை, கவனியுங்கள்.

பக்கத்தில் ஓர் ஓட்டோக்காரத் தம்பி. நிலாவெளியிலிருந்து ஒரு குடும்பத்தை நாடகத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்தவர். திரும்பவும் அவர்தான் கொண்டுபோய் விடவேண்டும். வெளியே நின்றால் நுளம்பு, அதனால் கடைசிக் கதிரையில் போய் இருந்திருக்கிறார். இலக்கியத்துக்காக வந்தவர் இல்லை, நுளம்புக்காக வந்தவர். அவர் பிளேன்டீயை ஊதிக்கொண்டு என்னிடம் கேட்டார்:

‘அண்ணே, ஒரு விசயம். அந்தாள் மாதவியிட்டப் போனான், சரி. காசெல்லாம் முடிஞ்சு வெறுங்கையோட கண்ணகியிட்ட வந்து நிக்கிறான். அப்பவும் அந்த மனுசி சிரிச்சுக்கொண்டு, சிலம்பு இருக்கு எடுங்க எண்டு குடுக்குது. ஒரு வார்த்தை ஏசேல்ல. ஏன் அண்ணே?’

சபையோரே, கவனியுங்கள். ‘நலங்கேழ் முறுவல் நகைமுகங் காட்டிச் சிலம்புள கொண்ம்’ என்று இளங்கோ எழுதினார். அந்தத் தம்பிக்கு ‘கொண்ம்’ தெரியாது. ‘நலங்கேழ்’ தெரியாது. ஆனால் அவள் சிரித்தாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது! மேடையில் அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பிலும் அந்த ராகத்திலும் அது இருந்திருக்கிறது. பட்டதாரிகள் உரை எழுதி விளக்குகிற இடத்தை, நுளம்புக்குப் பயந்து உள்ளே போன மனிதர் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்கிறார்.

எனக்குப் பதில் வரவில்லை. கடைக்காரர் சாயத்தை வடித்துக்கொண்டே சொன்னார், ‘என்ட பொஞ்சாதி எண்டா அந்தச் சிலம்பாலயே மண்டையில போட்டிருப்பா’ என்று. எல்லாரும் சிரித்தோம். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. திருக்கடலூரிலிருந்து வந்த ஓர் அக்கா. மீன் விற்கிறவர். மகள் கோரஸில் பாடியதால் நாடகத்துக்கு வந்தவர். பணிஸைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

‘வள்ளத்துக்கு எஞ்சின் எடுக்கத் தாலிக்கொடியைக் கழட்டிக் குடுத்தனான். நானும் சிரிச்சுக்கொண்டுதான் குடுத்தன். அழுதுகொண்டு குடுத்தா அந்தாள் வாங்கியிராது.’

கடையில் ஒரு சத்தமும் இல்லை. கேத்தில் கொதிக்கிற சத்தம் மட்டும்தான். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வரிக்கு இதைவிட நல்ல உரையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் 1892-ல் அச்சில் கொண்டுவந்தார். அரும்பதவுரையும் அடியார்க்கு நல்லார் உரையும் சேர்த்துத்தான் போட்டார். திருக்கடலூர் உரையைச் சேர்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? ஓட்டோத் தம்பி எட்டிப் பார்த்து, ‘தொடங்கிட்டாங்கள் போல’ என்றார். அக்கா எழும்பினார், நான் எழும்பினேன். எல்லாரும் எழும்பினார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். மூன்று பேர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். ஆனால் கடைக்காரர்? ‘அந்தச் சிலம்பை எப்பிடிக் களவு எண்டு மாட்டினவங்கள் எண்டு பாக்கவேணும்’ என்று அடுப்பை அணைத்துவிட்டு, பாதிக் கதவைச் சாத்திவிட்டு, தோளில் இருந்த துவாயோடு எங்களுக்குப் பின்னால் வந்தார் ஐயா! இரவு எட்டரை மணி. யாவாரம் நடக்கிற நேரம். மாஸ்டர், அந்தத் தேத்தண்ணிக்கடைக்காரருக்கு அன்றைக்கு நட்டம்!

இப்போது கைதட்டினீர்களே, இதுவும் ஒரு நிமிடம்தான். சமன்.

மாஸ்டர் வெளிநாட்டு உதாரணம் இரண்டு சொன்னார், ஓடுகிற ஓட்டத்தில் தொட்டுவிட்டுப் போகிறேன். விக்டர் ஹியூகோவின் நாவலிலிருந்து வந்த ‘லே மிசராப்’ இசைநாடகம் 1985 ஒக்டோபரில் லண்டனில் மேடையேறியபோது விமர்சகர்கள் பலர் கிழித்தார்கள், சனம்தான் தூக்கி நிறுத்தியது, ஆகவே சனத்தின் பக்கம் நில் என்றார். நல்ல உதாரணம். ஆனால் அது யாருடைய உதாரணம்? ஏறக்குறைய மூன்று மணித்தியாலம், அநேகமாக முழுக்கப் பாட்டு, தலையணை மாதிரியான ஒரு நாவல். அதைப் பார்க்கத்தானே சனம் வரிசையில் நின்றது? இறக்கித் தா என்றா கேட்டது? அது என்னுடைய அணிக்காரர்களின் வரிசை மாஸ்டர். மற்றது நியூயோர்க்கில் 2016-ல் பிரோட்வேக்கு வந்த இன்னோர் இசைநாடகம். டோல்ஸ்டோயின் ‘போரும் அமைதியும்’ நாவலில் எழுபது பக்கம் அளவை எடுத்துப் பாட்டாக்கியது. முதற்பாட்டிலேயே, இது சிக்கலான ரஷ்ய நாவல், ஓர் ஆளுக்கு ஒன்பது பெயர், கையில் தந்த நிகழ்ச்சிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாடிவிடுகிறார்கள்! டோனி விருதுக்கு 12 பிரிவுகளில் பெயர் வந்தது, 2 கிடைத்தது, ஒரு வருடம் முடியமுன்னமே மூடினார்கள். பார்த்தீர்களா, தோற்றுப்போனது என்றார் மாஸ்டர். தோற்றதை 2024 கடைசியில் லண்டனில் ஏன் திரும்பப் போட்டார்கள்? நம்முடைய ஊரில் தோற்ற வேட்பாளரைத்தான் திரும்பப் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

பேராசிரியர் வித்தியானந்தனையும் இழுத்தார். இரவிரவாக ஆடிய கூத்தை அவர் சுருக்கி மேடைக்குக் கொண்டுவரவில்லையா என்றார். கொண்டுவந்தார். 1964-ல் வந்த ‘இராவணேசன்’ அப்படித்தான் வந்தது. கோணேசர் மலைப் பிளவான இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று அதை மறுத்தால் இராவணனே என்னைத் தள்ளிவிடுவான். ஆனால் அவர் சுருக்கியது நேரத்தை. தாளக்கட்டைச் சுருக்கினாரா? ஆட்டத்தைச் சுருக்கினாரா? பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கு முன்னால் நின்று காலில் சலங்கை கட்டி முறையாகப் பழகினார்கள். யார் யாரிடம் ஏறிப் போனார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

வைகாசி வந்தால் கிழக்கில் கண்ணகி அம்மன் கோயில்களில் அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கு. கண்ணகி கதையைச் சொல்கிற வழக்குரை பாடுகிறார்கள். என்னுடைய அப்பம்மா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவா. பாட்டில் பாதிச் சொல் அவவுக்குத் தெரியாது. கேட்டால், ‘எனக்கு விளங்கவேணும் எண்டில்ல, அம்மாளுக்கு விளங்கினாச் சரி’ என்பா. அவ நல்ல பட்டிமன்றப் பேச்சாளராக வந்திருப்பா, ஆனால் வேறு வேலை இருந்தது, ஒன்பது பிள்ளை.

முதல் மணி அடித்துவிட்டார் தம்பி. நன்றி. இன்னும் ஒரு விஷயம், இளங்கோவே மேடையைப் பற்றி எழுதியிருக்கிறார். அரங்கேற்று காதையில் அளவே தருகிறார். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். மூன்று வகைத் திரை. மாதவி ஏழு வருடம் பழகிப் பன்னிரண்டு வயதில் ஏறுகிறாள். அரசன் கொடுத்த பரிசு 1008 கழஞ்சு பொன். நம்முடைய பிள்ளைகளும் ஏழு மாதம் பழகினார்கள். கிடைத்தது ஆளுக்கொரு மாலையும், இரண்டு பேருக்கு ஒரு சோற்றுப் பார்சலும். அந்தப் பார்சலிலும் முட்டை பாதி.

தேத்தண்ணிக்கடைக்காரரிடம் இன்னொரு முறை போகவேண்டியிருக்கிறது. மாஸ்டர் மூன்று தரம் போனார், நான் இரண்டாம் தரம்தான் போகிறேன். அவர் எங்களுக்குப் பின்னால் வந்தார் என்று சொன்னேன். உள்ளே எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். துவாயோடு வந்தார். சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘கேத்திலை இறக்கினேனா’ என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எப்படித் தெரியும்? கோவலனை வெட்டினார்கள். கேத்தில் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு அந்த மனிதர் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். நாடகம் முடிந்து வெளியே வரும்போது உள்ளங்கையில் சாவியின் அச்சு அப்படியே பதிந்திருந்தது, எனக்குக் காட்டினார். இலாபக் கணக்குப் பார்க்கிறவர்கள் அந்தக் கையையும் பார்த்திருக்கவேண்டும்.

அந்தச் சபைக் காட்சியைப் பற்றியும் மாஸ்டர் நக்கல் அடித்தார். ‘பாண்டியன் சபையில் கேட்ட முதல் வார்த்தை ஹலோ’ என்றார். நடந்ததுதான், மறுக்கவில்லை. கண்ணகி தலைவிரிகோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு வந்து நிற்கிறாள். மத்தளம் நிற்கிறது. ஆர்மோனியம் நிற்கிறது. பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. பத்து விநாடி, இருபது விநாடி. பின்னாலிருந்து ஒரு குரல், ‘மைக் போயிட்டுதடா!’ சவுண்ட்காரப் பெடியன் பாவம், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று பாய்ந்து மேடையில் ஏறி, பாண்டியனுக்கும் கண்ணகிக்கும் நடுவில் இருந்த மைக்கைத் தட்டி, ‘ஹலோ, ஹலோ, செக்’ என்றான். சிம்மாசனத்தில் இருந்த பாண்டியனே திடுக்கிட்டுப் போனான். சபை சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தப் பிள்ளை அசையவில்லை ஐயா. உயர்தரம் படிக்கிற பிள்ளை. சிலம்பு பிடித்த கை நடுங்கியது, ஆனால் பார்வை பாண்டியனை விட்டு எடுபடவில்லை. சவுண்ட்காரன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் பின்னுக்கு நடந்து இறங்கிப் போனான். கோயிலில் நடப்பது போல. சிரிப்பு அப்படியே அடங்கியது. அதற்குப் பிறகு வந்த மௌனம் யாரும் எழுதிவைத்த மௌனம் இல்லை. மைக் போய்விட்டது என்று கத்திய அந்த மனிதரும் அதற்குள்தான் இருந்தார்.

எனக்கு முன்வரிசையில் ஓர் அம்மா. எழுபது வயது தாண்டியிருக்கும். பேத்தி கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். இடைவேளைக்கு அவர் எழும்பவில்லை, தேத்தண்ணியும் குடிக்கவில்லை. முதற்பாதி முழுக்கத் தூங்கினார் என்றுதான் நினைத்தேன். அந்த முகத்தை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். றோட்டோரத்தில் வெயிலில், காணாமல் போன பிள்ளையின் படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாமாரில் ஒருவர். நாம் ஓட்டோவில், மோட்டார்சைக்கிளில், அவசரமாகக் கடந்து போயிருப்போம்.

இளங்கோவின் கதையில், வாயில்காவலன் உள்ளே ஓடிப்போய், இப்படி ஒருத்தி கோபத்தோடு வந்து நிற்கிறாள் என்று அரசனிடம் சொல்கிறான். அரசன் ‘வருக’ என்கிறான். அவ்வளவுதான். அந்த இடம் பாடி முடிந்ததும் அம்மா பேத்தியின் பக்கம் சரிந்து சொன்னார். மெல்லத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது.

‘பாத்தியா பிள்ள, உடனே உள்ள விட்டுட்டாங்கள்.’

நடுவர் ஐயா, நான் தமிழ் படித்தவன். வழக்குரை காதை எனக்குப் பாடம். வாங்கில் நின்று படித்தது. அந்த வரி ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை. கண்ணகியை அன்றைக்கே உள்ளே விட்டார்கள் என்பதை எந்தக் கதவிலும் காத்து நிற்காத நான் எப்படிக் கவனிப்பேன்?

பிறகு அவர் கைப்பையைத் திறந்தார். லேஞ்சி எடுக்கிறார் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படம். மீசை இப்போதுதான் அரும்பியிருக்கிற ஒரு பெடியன். உயர்த்திப் பிடிக்கவில்லை. மடியில் வைத்தார். முகம் மேடையைப் பார்க்கும்படி நிமிர்த்தி, சரியாமல் கையால் அணைத்துக்கொண்டார். அவனும் பார்க்கட்டும் என்பது போல.

சிலம்பு உடைந்தது. மாணிக்கம் தெறித்தது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று பாண்டியன் பாடி விழுந்தான். மண்டபம் எழும்பிக் கைதட்டியது. அம்மா கைதட்டவில்லை. அவருடைய கை படத்தில் இருந்தது.

இரண்டாவது மணி. கேட்கிறது தம்பி, இதோ முடிக்கிறேன்.

வெளியே வரும்போது வாசலில் அந்த அம்மா செருப்புத் தேடிக்கொண்டு நின்றார். எடுத்துக் கொடுத்தேன். என்னுடைய கண்ணாடியைப் பார்த்துப் படித்த ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, கையைப் பிடித்துக் கேட்டார்.

‘தம்பி, அந்த ராசா தான் பிழை எண்டு தன்ட வாயாலேயே சொன்னானே. அது ஏட்டில இருக்கா? இல்லாட்டி இந்தப் பிள்ளையள் சேத்ததா?’

‘ஏட்டில இருக்கு அம்மா.’

‘உண்மையா?’

‘உண்மையா இருக்கு அம்மா. அப்பிடித்தான் எழுதியிருக்கு.’

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் பாதிக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஓட்டோத் தம்பி நிலாவெளிக்காரரை ஏற்றிக்கொண்டிருந்தார். பேத்தி, ‘வாங்க அம்மம்மா, நேரமாகுது’ என்று இழுத்தாள். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினார்.

‘நாளைக்கும் போடுவாங்களா தம்பி?’

மண்டபத்தை ஒரு நாளைக்குத்தான் எடுத்திருந்தார்கள் நடுவர் ஐயா. அது எனக்குத் தெரியும். ஓம் அம்மா, போடுவாங்கள் என்றுதான் சொன்னேன்.

வணக்கம்.